பச்சை ஒயர் எங்கே போச்சு?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



சொன்ன ஜோக்குக்கு ஒருத்தன் அஞ்சு நிமிஷம் கழித்துச் சிரித்தால் அவனை "டியூப்லைட்" என்கிறோம். சுவிட்சைப் போட்டதும் எரியாமல், ரெண்டு தடவை மினுக்கி, கொஞ்சம் யோசித்து அப்புறம் எரிவதால் வந்த பட்டப்பெயர். என்னைக் கேட்டால், டியூப்லைட் மேல் குற்றம் இல்லை. அதைக் கரண்டோடு சேர்த்துக் கட்டுகிற நமக்குத்தான் ஒரு விஷயம் இத்தனை வருஷமாகியும் உறைக்கவில்லை. பிளக்கில் பின் மூன்று இருக்கிறது. அதற்குள் போகும் ஒயர் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது எங்கே?

இதுதான் என் கட்டுரையின் ஒரே கேள்வி. சின்னக் கேள்விதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் உயிர் இருக்கிறது.

அரும்பாவூர்ப் பட்டறையில் தொங்கும் விளக்கு

பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கிறது எங்கள் அரும்பாவூர். மரச்சிற்பம் என்றால் எங்கள் ஊரை வெளிநாட்டிலும் தெரியும். 2020-ம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று கட்டையைப் போட்டு, ஒரே கட்டையிலிருந்து பிள்ளையாரையும் நடராசரையும் வெளியே கொண்டுவருகிற கை எங்கள் ஊர்க் கை.

அந்தக் கைக்கு வெளிச்சம் வேண்டும். கண் இமையும் நகமும் செதுக்கும்போது நிழல் விழக் கூடாது. அதனால் பல பட்டறைகளில் டியூப்லைட்டை விட்டத்தில் அசையாமல் அடித்து வைப்பதில்லை. நாலடிப் பட்டியைக் கயிற்றில் கட்டி, நீள ஒயர் விட்டு, முனையில் பிளக் மாட்டி, சிலை இருக்கும் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்கள். தேவையிலிருந்து பிறந்த நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒயரைப் பாருங்கள். முறுக்கிய ரெட்டை ஒயர். நடுவில் ரெண்டு இடத்தில் ஒட்டு, மேலே டேப். சில இடத்தில் பிளக்கும் கிடையாது. ஒயர் முனையைச் சீவி, பிளக் பாயிண்ட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கியிருக்கும்.

என் பெரியப்பா பட்டறையில் ஒருநாள் பட்டியை நகர்த்தியவர் கையைச் சடக்கென்று உதறினார். "என்ன பெரியப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லடா தம்பி, ஈரக் காலோட நின்னா சுருக்குனு அடிக்கும். அது பழக்கந்தான்" என்றார். "பிளக்கைக் கழட்டி எர்த் கொடுத்து மாட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "லைட்டு நல்லாத்தானே எரியுது?" என்று திருப்பிக் கேட்டார்.

தோழர்களே, அந்தத் திருப்பிக் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. லைட் எரிகிறது, ஆகவே ஒயரிங் சரி! நம் நாட்டில் முக்கால்வாசி பேர் மின் பாதுகாப்பை அளக்கும் கோல் இதுதான்.

எரிந்தால் போதுமா?

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக டியூப்லைட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் வாயு மினுங்குகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு வளைந்து தொட்டுக்கொள்கிறது. கரண்ட், டியூபின் ரெண்டு முனையிலும் உள்ள இழைகள் வழியாக ஓடி அவற்றைச் சூடாக்குகிறது. தொட்டுக்கொண்டதும் மினுக்கம் நிற்கிறது; தகடு ஆறி விலகுகிறது. அந்த விலகும் நொடியில் சோக்கு ஒரு பெரிய வோல்டேஜை எழுப்பி டியூபைப் பற்றவைக்கிறது. பற்றிய பிறகு அதே சோக்கு கடிவாளமாக மாறுகிறது. சோக்கு இல்லாமல் டியூபை நேராக 230 வோல்ட்டில் வைத்து எரியவிட்டால் கரண்ட் ஏறிக்கொண்டே போய் டியூப் தொலைந்துவிடும். சோக்கு பிடித்து நிறுத்துவதால்தான் 40 வாட் டியூப் சுமார் 0.43 ஆம்பியரில் அடங்கி எரிகிறது.

ஆக, சோக்குதான் அந்த விளக்கின் பாதுகாவலன். ஆபத்தும் அதே சோக்கிலிருந்துதான் வருகிறது.

சோக்கு என்பது என்ன? இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன் மேல் வார்னிஷ் பூசிய தாமிரக் கம்பியைச் சுற்றியது. அந்த இரும்பை ஸ்குரு போட்டு இரும்புப் பட்டியில் இறுக்கியிருக்கிறோம். விளக்கு எரியும் நேரமெல்லாம் சோக்கு சூட்டில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டு டியூப் முனை மட்டும் சிவந்து நின்றால், வழக்கத்தைவிடக் கூடுதல் கரண்ட் ஓடி இன்னும் சுடும். எங்கள் பட்டறையில் இதற்கு மேல் மரத்தூள் வேறு மெத்தை மாதிரி படிந்து சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். வருஷக்கணக்கில் இப்படி வெந்தால் வார்னிஷ் தாங்குமா? ஒருநாள் ஒரு சுற்று இரும்பைத் தொடுகிறது. இரும்பு பட்டியைத் தொட்டிருக்கிறது. அந்த நிமிஷம் முதல் நாலடிப் பட்டி முழுவதும் ஃபேஸ்!

இதில் கொடுமை என்ன தெரியுமா? சோக்கின் உள்ளே கரண்ட் நுழையும் பக்கம் இப்படித் தொட்டால், விளக்கு வழக்கம் போலவே எரியும். மினுக்காது, மங்காது, ஃபியூஸும் போகாது. பட்டி யாரோ தொடுவதற்காகக் காத்திருக்கும். எரிகிற விளக்கு பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஈரமான உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த கையை எடுக்க முடியாமல் போகும். 50 மில்லி ஆம்பியர் அளவு போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். டியூப்லைட் எரியச் சுமார் 430 மில்லி ஆம்பியர் வேண்டும். மனிதன் சாக அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு போதும். 5 ஆம்பியர் கிட்கேட் ஃபியூஸ் நம்மைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். ஃபியூஸ் காப்பது ஒயரை. நம் உயிரை அல்ல.

மூன்றாவது பின்னின் வேலை

பிளக்கின் மேல் பின் மட்டும் ஏன் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கிறது? சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். தடிமன் எதற்கு? அது ஃபேஸ் ஓட்டைக்குள் நுழையாதிருக்க. இத்தனை யோசித்துச் செய்த பின்னை, ஒயர் கொடுக்காமல் வெறும் ஆணியாக விட்டுவிடுகிறோமே!

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ரெண்டு பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம். திருப்பிச் சொருகினால் ஒயரில் வைத்த சுவிட்ச் நியூட்ரலுக்குப் போய்விடும். சுவிட்சை அணைத்தாலும் பட்டிக்குள் ஃபேஸ் உட்கார்ந்திருக்கும். "ஆஃப் பண்ணிட்டுத்தானே தொட்டேன்" என்று ஷாக் அடித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று பின் பிளக்கைத் திருப்பிச் சொருக முடியாது. பிளக் பாயிண்ட் சரியாக இருந்தால் ஃபேஸ் எப்போதும் ஃபேஸ் இடத்திலேயே இருக்கும்.

நம் உருண்டைப் பின் பிளக், 1934-ல் பிரிட்டனில் வகுத்த பி.எஸ். 546 என்ற அளவின் வழி வந்தது. அவர்கள் 1947-ல் பி.எஸ். 1363 என்ற சதுரப் பின் பிளக்குக்கு மாறி, ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ் வைத்துவிட்டார்கள். நாம் ஐ.எஸ். 1293 என்ற அளவில் உருண்டைப் பின்னையே வைத்துக்கொண்டோம். நம் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. அப்படியானால் பச்சை ஒயர் விஷயத்தில் நாம் அவர்களைவிட அதிகக் கவனமாக அல்லவா இருக்க வேண்டும்?

சரி, எப்படி மாட்டுவது?

குறை சொல்வது சுலபம். செய்முறையும் சொல்ல வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். பட்டியில் கண்டன்சர் இருந்தால் அதைக் கையால் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கலாம். முதலில் அதை ஒரு தடையோ விளக்கோ வைத்து வடித்துவிடுங்கள்.

ஒயர்: ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, மேலுறையோடு கூடிய மூன்று கோர் தாமிர ஒயர், 0.75 அல்லது 1 சதுர மில்லி மீட்டர். நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது. பழைய வழக்கப்படி சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது வரும் ஒயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எந்த நிறமானாலும் பச்சையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

பிளக்: உள்ளே எல், என், ஈ என்று எழுத்து இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள், மனப்பாடத்தை நம்பாதீர்கள். பச்சை ஒயரை மற்ற ரெண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது ஒயரை இழுத்து அறுத்தாலும் பச்சை கடைசியாகத்தான் கழலும். இழைகளை நன்றாக முறுக்கி, ஒரு முடிகூட வெளியே நீட்டாமல் ஸ்குருவுக்கு அடியில் இறுக்குங்கள். கவ்வி, உள் ஒயரை அல்ல, மேலுறையைப் பிடிக்க வேண்டும். எங்கள் பட்டறை போல விளக்கை இங்குமங்கும் இழுக்கிற இடத்தில் இது ரொம்ப முக்கியம்.

பட்டி: ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் தகட்டு விளிம்பே கத்தியாகி உறையை அறுக்கும். பச்சை ஒயர் முனையில் வளையக் கொக்கி மாட்டி, பட்டியின் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ஸ்குரு போட்டு இறுக்குங்கள். பெயிண்ட் மேல் இறுக்கினால் அது எர்த் அல்ல, கண்துடைப்பு. ஃபேஸ் சோக்குக்குப் போக வேண்டும். சோக்கிலிருந்து டியூபின் ஒரு முனைப் பின்னுக்கு. அதே முனையின் அடுத்த பின்னிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக எதிர்முனைப் பின்னுக்கு. அங்கே மிஞ்சும் பின் நியூட்ரலுக்கு. 36, 40 வாட் டியூபுக்கு உரிய சோக்கை 20 வாட் டியூபுக்குப் போடாதீர்கள்.

சோதனை: மெக்கர் இருந்தால் 500 வோல்ட்டில், ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து ஒரு பக்கம், பட்டி ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தப் பட்டியைச் சொருகாதீர்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் பட்டிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைத் திறக்க வேண்டியிருந்தால், உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அது நம் எல்லை அல்ல.

எதிர்க்கேள்விகள்

"எங்க வீட்டில் எர்த்தே இல்லையே" என்பார்கள். உண்மைதான். எர்த் குழி தோண்டியிருப்பார்கள். பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டியிருப்பார்கள். அதற்கப்புறம் ஒரு குடம் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள். நம் பெரம்பலூர் வெயிலில் அந்த மண் வறண்டு தடை ஏறிவிடும். எர்த் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் அசையவே அசையாது! பட்டியிலும் வோல்டேஜ் அப்படியே நிற்கும். அதனால்தான் பச்சை ஒயரோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும் என்கிறேன். போன கரண்டும் வந்த கரண்டும் சமமாக இல்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். குழிக்குத் தண்ணீர், போர்டுக்கு ஆர்.சி.சி.பி., பிளக்குக்குப் பச்சை ஒயர். மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

எர்த் இல்லாத வீட்டில் சிலர் ஒரு "தந்திரம்" செய்கிறார்கள். பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். தயவு செய்து வேண்டாம்! எங்காவது நியூட்ரல் அறுந்தால், விளக்கு வழியாகத் திரும்பும் கரண்ட் அந்தத் துண்டு ஒயர் வழியாகப் பட்டிக்கே வந்துவிடும். எர்த் இல்லாததைவிட இது மோசம்.

"எல்.இ.டி. வந்தாச்சு, இனிமே சோக்கு ஏது?" என்றும் கேட்கலாம். டியூப்லைட்டின் காலம் முடிகிறது என்பது சரிதான். அதில் பாதரசம் இருப்பதால், 2023-ல் ஜெனீவாவில் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் கூடி, நீள டியூப் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தன. ஆனால் பழைய பட்டி ஒரே நாளில் மறையாது. இருக்கிற இரும்புப் பட்டியிலேயே எல்.இ.டி. டியூபை மாட்டுகிறோம். சில எல்.இ.டி. டியூபுக்கு ஒரு முனையில் மட்டும் கரண்ட். சிலதுக்கு ரெண்டு முனையிலும். எது என்று பார்க்காமல், பழைய சோக்கைக் கழற்றாமல் மாட்டினால் புது ஆபத்து. முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன, சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரையுள்ள விளக்குக்கு எர்த் தேவையில்லை. இரும்புப் பட்டி என்றால் உள்ளே எது எரிந்தாலும் பச்சை ஒயர் வேண்டும்.

"செலவு" என்பது கடைசி வாதம். ரெண்டு கோருக்கும் மூன்று கோருக்கும் மீட்டருக்கு வித்தியாசம் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. மாதக்கணக்கில் ஒரு சிலையைச் செதுக்கி முடிக்கிற கைக்கு இந்தக் காசு பெரிதா?

தவறு எங்கே தொடங்குகிறது?

பட்டறைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு மாட்டிக் கொடுத்தவர் யார்? நம்மைப் போல் படித்துவிட்டுப் போன ஒருவர்தான். அவர் எங்கே கற்றார்? நம் ஒயரிங் லேப் ரெக்கார்டைத் திறந்து, டியூப்லைட் இணைப்புப் படத்தைப் பாருங்கள். சுவிட்ச் இருக்கிறது, சோக்கு இருக்கிறது, ஸ்டார்ட்டர் இருக்கிறது. பச்சைக் கோடு இருக்கிறதா? மரப் பலகையில் மாட்டுகிறோம். பலகைக்கு எர்த் வேண்டாம். விளக்கு எரிந்ததும் மார்க் விழுகிறது. "எரிந்தால் சரி" என்ற பாடத்தை ஊர் நமக்குச் சொல்லித்தரவில்லை. நாம்தான் ஊருக்குச் சொல்லித்தந்தோம் என்பது என் கருத்து. ஆசிரியப் பெருமக்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், மாணவனின் வேண்டுகோளாக ஏற்க வேண்டும்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் ஊர்வலத்தில் உயரழுத்தக் கம்பி உரசி 11 பேர் இறந்தார்கள். அது வேறு வகை விபத்து, சோக்கால் வந்ததல்ல. ஆனாலும் அந்த வாரம் தமிழ்நாடு முழுவதும் மின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. பிறகு மறந்துவிட்டது. பதினோரு பேர் ஒன்றாகப் போனால் செய்தி. பட்டறையில் ஒருவர், சமையல்கட்டில் ஒருவர் என்று போனால் துக்க வீடு, அவ்வளவுதான். நாம் தடுக்க முடிவது இந்த இரண்டாவது வகையை.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, லேப் பலகையில் ஒரு இரும்புப் பட்டியை ஏற்றி, எர்த் தொடர்பைக் காட்டிய பிறகே மார்க் என்று துறைத் தலைவரிடம் கேட்போம். இரண்டு, விடுதி அறைகளிலிருந்து தொடங்குவோம். மேசை விளக்கு, டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் திறந்து பார்த்து, பச்சை இல்லாததை மாற்றுவோம். மூன்று, வரும் கல்வியாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் மேற்பார்வையில், உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, அரும்பாவூர்ப் பட்டறைகளுக்குப் போவோம். மூன்று கோர் ஒயரும் பிளக்கும் சங்க நிதியில் வாங்குவோம். மலர் விழாவுக்குச் சீரியல் செட் கட்டுகிற செலவில் ஒரு பகுதி போதும்.

பட்டறையில் யாராவது "லைட்டு எரியுதுல்ல தம்பி?" என்று கேட்பார்கள். "எரியுதுங்க ஐயா, ஆனா பட்டியிலயும் கரண்டு இருக்குதுங்களான்னு பார்த்துடலாம்" என்று பொறுமையாகச் சொல்லி, டெஸ்டரை அவர் கையில் கொடுத்து வைத்துக் காட்டுவோம். நூறு பிரசங்கத்தைவிட அந்த நியான் சிவப்பு நன்றாகப் பேசும்.

டிப்ளமோ வாங்கிக்கொண்டு நாளை நாம் எங்கெங்கோ போகப் போகிறோம். எந்த ஊர் போனாலும் ஒரு உறுதியை மட்டும் எடுத்துப் போவோம்: பச்சை ஒயர் இல்லாத பிளக்கை நம் கையால் மாட்ட மாட்டோம், யார் கேட்டாலும் மாட்ட மாட்டோம்!